எண் இல்லாத அழைப்பு

இந்த வீட்டை வாங்கியபோது நான் என் புருஷன் கொர்ராதோவோடு மூன்று நாள் பேசவில்லை. நகரத்தில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், நாலாவது மாடியில் நன்றாகத்தான் இருந்தோம். கீழே இறங்கினால் காபிக்கடை, எதிரே துணிக்கடை, ஜன்னலைத் திறந்தால் நாலு மனுஷ முகம். அதையெல்லாம் விட்டுவிட்டு, பெர்கமோ நகரத்துக்குத் தெற்கே, நகரம் என்றும் சொல்ல முடியாத கிராமம் என்றும் சொல்ல முடியாத இந்த இடத்தில், அச்சில் வார்த்த மாதிரி பன்னிரண்டு வீடுகள் நிற்கிற வரிசையில் ஏழாவது வீடு. முன்னால் கார் நிறுத்தும் இடம், பின்னால் நாற்பது அடி மண். அந்த மண்ணுக்காகத்தான் வாங்கினான். முப்பது வருஷம் டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவனுக்குத் தலைக்கு மேலே வானம் வேண்டுமாம்.

"உனக்கு வானம் வேணும்னா என்னை எதுக்கு இழுத்துக்கிட்டு வர்றே?" என்று கேட்டேன்.

"நீ வெளிய வரவே வேணாம் ஓர்னெல்லா. சமையலறை ஜன்னல்ல நின்னு திட்டிக்கிட்டே இரு. எனக்குப் பேச்சுத்துணையா இருக்கும்" என்றான்.

இருபத்திரண்டு வருஷம் அப்படியேதான் நடந்தது. அவன் கொத்துவான், நான் ஜன்னலில் நின்று திட்டுவேன். செருப்பில் மண் ஒட்டும் என்று பின்வாசல் படியை நான் தாண்டியதே இல்லை. துணி கூட மாடியில்தான் காயும்.

கொள்ளைநோய் வந்த அந்த வருஷம், மார்ச் இருபத்து மூன்றாம் தேதி ஆம்புலன்ஸ் வந்தது. அதற்கு முன்னால் ஐந்து நாள் காய்ச்சல். ஆறாவது நாள் மாடிப்படி ஏறும்போது நடுவில் உட்கார்ந்துவிட்டான். தலையிலிருந்து கால்வரை வெள்ளைக் கவசம் போட்ட இரண்டு பேர் வந்தார்கள். கண் மட்டும்தான் தெரிந்தது. கொர்ராதோ வீட்டுச் செருப்போடு, தானே நடந்து போய் வண்டியில் ஏறினான். ஏறும்போது திரும்பிப் பார்த்து, "பட்டாணிக்குக் குச்சி நடணும். கொடி கீழ விழுந்துடும்" என்றான். முப்பத்து நாலு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் சொல்ல அவனுக்குக் கிடைத்தது இதுதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பதிலே சொல்லவில்லை. கதவு மூடிய பிறகுதான் ஃபோன் சார்ஜர் மேஜைமேல் கிடப்பதைப் பார்த்தேன். மறுநாள் மதியத்தோடு அவன் ஃபோன் செத்துப்போனது.

அதற்கப்புறம் ஒரே ஒரு நூல்தான் மிச்சம். தினமும் மதியம் இரண்டு மணிக்குமேல் டாக்டர் வீட்டுத் தொலைபேசிக்குக் கூப்பிடுவார். ஒன்றரை நிமிஷம். "தலையில ஆக்ஸிஜன் ஹெல்மெட் போட்டிருக்கோம், அப்படியேதான் இருக்கார்." மறுநாளும் "அப்படியேதான் இருக்கார்." நோயாளியைப் பார்க்கப் போக யாருக்கும் அனுமதி இல்லை. எனக்கோ வாசல் கேட்டைத் தாண்டவே அனுமதி இல்லை. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவள் பதினாலு நாள் அடைந்து கிடக்க வேண்டும். மற்றவர்களாவது ஒரு காரணத்தைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் வந்தார்கள்.

பிள்ளை குட்டி கிடையாது. எட்டாம் வீட்டு பியேராதான் எனக்கு ஊர், உறவு எல்லாம். அறுபத்தேழு வயது, தனிக்கட்டை, நாலு கோழி வளர்க்கிறாள். பழைய தலையணை உறையைக் கிழித்து முகக்கவசம் தைத்துப் போட்டுக்கொண்டு, ரொட்டியும் பாலும் முட்டையும் ஒரு வாளியில் வைத்து, வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடுவாள். பிறகு பின்பக்கம் செடிவேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று கத்துவாள்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"பொய் சொல்லாதே. நேத்து வெச்ச முட்டை இன்னும் ஜன்னல்ல இருக்கு. எனக்கு இங்கேருந்து தெரியுது."

வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. நெடுஞ்சாலையில் ஒரு வண்டி கிடையாது. அந்த அமைதியில் ஆம்புலன்ஸ் சத்தம் மட்டும் எங்கோ தொலைவில் கிளம்பிப் பக்கத்தில் வந்து திரும்பவும் தேயும். சாவுக்கு அடிக்கிற மாதா கோயில் மணியைப் பாதிரியார் நிறுத்திவிட்டார். ஒவ்வொருவருக்கும் அடித்தால் நாள் முழுக்க அடிக்க வேண்டியிருக்கும் என்று, எல்லோருக்கும் சேர்த்துப் பகல் பன்னிரண்டுக்கு ஒரு தடவை மட்டும். ஊர்ப் பத்திரிகையில் ஒன்றரைப் பக்கம் இருந்த இரங்கல் படங்கள் பத்துப் பக்கம் ஆகியிருந்தன. பியேரா அதை வாளிக்குள் அடியில் விரித்து அனுப்பினாள். நான் படங்கள் தெரியாதபடி திருப்பிப் போட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் படுக்கையில் அவன் பக்கத்துப் பள்ளத்தைப் பார்த்தபடி கிடந்தபோது, மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. எனக்கும் வந்துவிட்டதோ என்று பயந்து பின்கதவைத் திறந்து வெளியே ஓடினேன். இரவு உடையோடு, வெறுங்காலோடு. மண் ஜில்லென்று இருந்தது. மூச்சு வந்தது. குனிந்து பார்த்தால் அவன் பட்டாணிக் கொடிகள் உண்மையாகவே விழுந்து கிடந்தன.

"சனியன்" என்றேன். பட்டாணியையா அவனையா தெரியவில்லை.

அன்றைக்கு ஆறு குச்சி நட்டேன். ஆறும் கோணல். பியேரா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, குச்சியை ஆழமா குத்துடி! கேக்குல மெழுகுவர்த்தியா நடுறே?"

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். செடிவேலிக்குள் ஒரு கருங்குருவி கூடு கட்டியிருந்தது. ஆண் குருவிக்கு உடம்பெல்லாம் கரி, மூக்கு மட்டும் ஆரஞ்சு. நான் மண்ணைக் கிளறினால் போதும், ஒரு முழம் தள்ளி வந்து நின்றுகொண்டு, புழு எங்கே என்பதுபோல் என்னைப் பார்க்கும். அதற்கு என்னிடம் துளிகூட பயம் இல்லை. அந்த நாட்களில் என்னைப் பார்த்து ஒதுங்காத ஒரே உயிர் அதுதான். பின்பக்கம் வயல், வயலுக்கு அப்பால் வாய்க்கால், வாய்க்காலோரம் நெட்டை மரங்கள். இருபத்திரண்டு வருஷமாக ஜன்னல் சட்டத்துக்குள் கிடந்த அதையெல்லாம் அப்போதுதான் பார்த்தேன். மரங்களில் இலை வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு நேர்ந்தது அவற்றுக்குத் தெரியாது. அது எனக்குக் கோபமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை. பத்தே முக்கால் இருக்கும். முழங்காலிட்டு, பட்டாணியின் சுருள் கம்பிகளை ஒவ்வொன்றாகக் குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தேன். முதுகில் வெயில். குருவி கை எட்டும் தூரத்தில் நின்றது. கூட்டுக்குள் குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்தின. நான் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பது எனக்கே அப்போதுதான் காதில் விழுந்தது. எவ்வளவு நேரமாக? அரை மணி இருக்கும். அந்த அரை மணியில் கொர்ராதோவை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஏப்ரன் பையில் கைபேசி அடித்தது. எண் மறைக்கப்பட்டது என்று திரையில் இருந்தது.

எங்கள் ஊரில் எண்ணை மறைத்துக் கூப்பிடுகிறவன் யார் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். மின்சாரம் விற்கிற கம்பெனிக்காரன். கொள்ளைநோய் வந்தால் என்ன, ஊரே செத்தால் என்ன, நம் மின்கணக்கை அவன் கம்பெனிக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். அந்த வாரம் தினமும் அதே நேரத்துக்கு ஒரு பையன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இந்த ஆட்களை விரட்ட எங்கள் வீட்டில் ஒரு மருந்து உண்டு, கொர்ராதோ கண்டுபிடித்தது. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே, சவப்பெட்டிக்கடைக்காரன் குரலில், 'வீட்டம்மா செத்துட்டாங்க சார், இனிமே கூப்பிடாதீங்க' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான். நான் கையில் கிடைத்ததை எடுத்து அவனை அடிப்பேன்.

மண் ஒட்டிய கட்டைவிரலால் எடுத்தேன். அந்தப் பக்கம் காற்று அடிக்கிற மாதிரி பெரிய இரைச்சல். கால் சென்டர் என்று நினைத்தேன்.

"வீட்டம்மா செத்துட்டாங்க. இனிமே கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஒரு நிமிஷத்தில் திரும்ப அடித்தது. எடுக்காமலே வெட்டினேன். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட திருப்தியோடு பட்டாணிக்குத் திரும்பினேன்.

இரண்டு பத்துக்கு வீட்டுத் தொலைபேசி அடித்தது. டாக்டர் குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது.

"அம்மா, காலையில நிலைமை கொஞ்சம் மோசமாச்சு. பதினோரு மணிக்கு மயக்க மருந்து குடுத்துத் தொண்டையில குழாய் வெச்சிட்டோம். இப்ப மெஷின்தான் அவருக்காக மூச்சு விடுது."

"அப்புறம்?"

"அப்புறம் பார்க்கணும். ரெண்டு மூணு நாள் போனாத்தான் சொல்ல முடியும்." பிறகு கேட்டார். "காலையில அவர்கூடப் பேசினீங்க இல்ல? தூங்க வைக்கிறதுக்கு முன்னாடி எல்லாரையும் வீட்டோட ஒரு தடவை பேச வைப்போம். அதுக்கப்புறம்... எப்படின்னு தெரியாது இல்லையா. நர்ஸ் தன் ஃபோன்லேருந்து உங்க கைபேசிக்குப் போட்டாங்களே."

"பேசினேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. வெட்கம்தான், வேறென்ன. அவர் "நல்லது" என்று வைத்துவிட்டார். நான் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். பத்து நாற்பத்தேழு. பத்து நாற்பத்தெட்டு. இரண்டு வரி.

அந்த வார்டுக்கு இருபது தடவை போட்டிருப்பேன். ஒன்று எடுக்க மாட்டார்கள், அல்லது பாட்டுப் போட்டுக் காக்க வைத்து வெட்டிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அங்கே ஒவ்வொருவருக்கும் நாலு கை வேண்டியிருந்த நேரம். நான் தோட்டத்துக்குப் போனேன். போய்க் குச்சிகளைப் பிடுங்க ஆரம்பித்தேன். கொடி அறுந்தது, வேரோடு வந்தது, எதையும் பார்க்கவில்லை. இந்த மண் இல்லையென்றால் நான் உள்ளே இருந்திருப்பேன், உள்ளே இருந்திருந்தால் பயந்துகொண்டே இருந்திருப்பேன், பயந்துகொண்டிருந்தால் முதல் மணியிலேயே பாய்ந்து எடுத்து 'கொர்ராதோ' என்று அலறியிருப்பேன். சந்தோஷமாக இருந்தேன், அதனால் புத்தி கெட்டது.

"ஏய்! ஏய்! என்னடி பண்றே? அதுக்கு என்னடி தெரியும், விடுடி!" பியேரா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று குதித்தாள்.

சொன்னேன். வேலிக்கு இரண்டு மீட்டர் இந்தப் பக்கம் மண்ணில் உட்கார்ந்தபடி முழுவதும் சொன்னேன்.

"உன் வாய் இருக்கே" என்றாள் பியேரா. "சரி விடு. அவனுக்கு உன்னைத் தெரியாதா? நீ எடுக்கலேன்னா எங்கேயாவது வேலையா இருப்பேன்னு நினைச்சிருப்பான்."

"எடுக்காம இருந்திருந்தாத் தேவலையே பியேரா! எடுத்தேனே! 'செத்துட்டா'ன்னு சொல்லிட்டு வெச்சேனே! அந்த இரைச்சல்ல அவனுக்கு என்ன கேட்டுதோ. பாதி கேட்டிருந்தா? நான் நெஜமாவே செத்துட்டேன்னு நினைச்சிருந்தா? எனக்கும்தானே வந்திருக்கலாம், அவன் தினமும் அதைத்தானே பயந்திருப்பான்! இல்ல, நான் அவனோட பேச மாட்டேன்னு வெட்டிட்டேன்னு நினைச்சிருந்தா? எதையோ ஒண்ணை நினைச்சிக்கிட்டே தூங்கிட்டான் பியேரா. முழிக்கலேன்னா அதுதான் அவனுக்குக் கடைசி."

பியேரா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வேலியோரம் போட்டு உட்கார்ந்தாள். கோழிகள் அவள் காலைச் சுற்றி வந்தன. உள்ளே போ என்று இரண்டு தடவை சொன்னேன். "என் வீட்டு நாற்காலி, என் வீட்டு மண்ணு, உனக்கென்ன" என்றாள்.

சாயங்காலம் ஆனது. கருங்குருவி கூரைமேல் ஆன்டெனாவில் ஏறி நின்று தொண்டை கிழியப் பாடியது. ஒரு மண்கட்டியை எடுத்து அதன்மேல் எறிந்தேன். அது ஓட்டில் பட்டு உடைந்தது. குருவி அடுத்த வீட்டுக் கூரைக்குப் போய், விட்ட இடத்திலிருந்து பாடியது. பியேரா கோழிகளுக்குத் தீனி வைக்க எழுந்து போனாள்.

ஏழு இருபதுக்குக் கைபேசி அடித்தது. எண் மறைக்கப்பட்டது.

இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்தேன்.

"ஓர்னெல்லா அம்மாவா? நான் நோயெமி. நர்ஸ். டியூட்டி இப்பத்தான் முடிஞ்சுது, கார்ல இருந்து பேசறேன். பயப்படாதீங்க, அவர் அப்படியேதான் இருக்கார். ஒண்ணும் ஆகலை." இருபத்தைந்து வயதுகூட இருக்காது, அப்படி ஒரு குரல்.

"காலையில... காலையில கூப்பிட்டது..."

"நான்தான்மா."

"மின்சாரக் கம்பெனின்னு நினைச்சேன்மா" என்றேன். வேறு எதுவும் சொல்ல வரவில்லை. "சத்தியமா மின்சாரக் கம்பெனின்னுதான் நினைச்சேன்."

"தெரியும்மா. எங்க அம்மாவும் இப்படித்தான், மறைச்ச நம்பரை எடுக்கவே மாட்டாங்க. நான் அதுக்குக் கூப்பிடலை. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். நான் அவர்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்."

"என்ன பொய்?"

"ஹெல்மெட்டுக்குள்ள ஒரே இரைச்சல், ஃபோன்ல பேசினா அவங்களுக்குக் கேக்காது. நாங்கதான் கேட்டு, ஹெல்மெட்டுக்குக் கிட்டப் போய்க் கத்திச் சொல்லுவோம். நீங்க வெச்சிட்டீங்க. திரும்பப் போட்டேன், எடுக்கலை. டாக்டர் ரெடியா நிக்கறாங்க, இன்னொரு தடவை போட நேரமில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தார். நான் என்ன பண்ணட்டும்? 'உங்க மனைவி பேசினாங்க, என் உயிரே சீக்கிரம் வந்துடு, உனக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்னு சொல்றாங்க'ன்னு சொல்லிட்டேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த நிலைமையிலும் வந்தது. "நான் அப்படியெல்லாம் பேச மாட்டேனே! முப்பத்து நாலு வருஷத்துல ஒரு நாள் அவனை உயிரேன்னு சொன்னதில்லை. அவனுக்குத் தெரிஞ்சிருக்குமே!"

"தெரிஞ்சுபோச்சு" என்றாள் நோயெமி. "விரலை ஆட்டினார், இல்லேன்னு. கிட்டப் போய்க் காதை வெச்சேன். 'இது அவ இல்லை. அவ என்ன சொன்னாளோ அதைச் சொல்லு'ன்னார். மூச்சு வாங்குது, ஒவ்வொரு வார்த்தையா சொல்றார். எனக்கு அழுகை வந்துடுச்சு. வேற வழி இல்லாம இருந்ததை இருந்தபடியே சொல்லிட்டேன். வீட்டம்மா செத்துட்டாங்க, இனிமே கூப்பிடாதீங்கன்னு சொல்லி வெச்சிட்டாங்கன்னு."

நான் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அம்மா, சிரிச்சார்மா. எனக்கு ஒண்ணும் புரியலை. அப்படிச் சிரிச்சார், ஹெல்மெட் உள்ளே முழுக்க ஆவி பிடிச்சு முகமே தெரியலை. டாக்டர் என்னாச்சுன்னு குனிஞ்சு பார்த்தார். 'ஆமா, இதுதான் அவ'ன்னார். அப்புறம், வேற என்ன கேட்டுச்சுன்னு கேட்டார். வேற ஒண்ணும் இல்லை, ஒரு குருவி ரொம்பக் கிட்டக் கத்திக்கிட்டிருந்துதுன்னேன். 'தோட்டத்துலயா இருக்கா? அவளா?'ன்னு ரெண்டு தடவை கேட்டார். திரும்பவும் சிரிப்பு. சிரிச்சிக்கிட்டிருக்கும்போதே மருந்து ஏறிடுச்சு. ஒரு வருஷமா... இல்ல, ஒரு மாசமா, அப்படித்தான் ஆயிடுச்சு எங்களுக்கு... ஒருத்தரும் சிரிச்சிக்கிட்டே தூங்கினதை நான் பார்க்கலைம்மா. அதான் வீட்டுக்குப் போறதுக்குள்ள உங்ககிட்டச் சொல்லிடணும்னு."

அவளுக்கு நன்றி சொன்னேனா, வைத்தேனா, ஒன்றும் நினைவில்லை. மண்ணில் உட்கார்ந்து ஓலமிட்டேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. ஒன்பது நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. வரிசையில் இருந்த மற்ற வீடுகளிலெல்லாம் விளக்கு எரிந்தது.

பியேரா தீனிக் கிண்ணத்தோடு ஓடி வந்தாள், முகக்கவசம்கூட இல்லாமல். வேலிக்கு அந்தப் பக்கம் என்னைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே போட்டாள். சிலுவை போட்டுக்கொண்டு, அழுதபடியே, செத்தவர்களுக்குச் சொல்கிற ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு வீடு தள்ளி ஒரு பெண்ணும் ஜன்னலில் நின்று கூடச் சேர்ந்து சொன்னாள். நான் கையை ஆட்டுகிறேன், தலையை ஆட்டுகிறேன், வாயில் வார்த்தை வரவில்லை. அவர்கள் இன்னும் சத்தமாகச் சொன்னார்கள்.

"சாகலை!" என்று எப்படியோ கத்தினேன். "சாகலை பியேரா! சிரிச்சானாம்! சொன்னதைக் கேட்டுட்டுச் சிரிச்சானாம்!"

ஜெபம் பாதியில் நின்றது.

மறுநாள் இரண்டு மணிக்கு டாக்டர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. அவன் முழிப்பானா என்று அந்தக் கடவுளுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. ஆனால் நான் சொன்னது சொன்னபடியே அவனிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அவன் அதை எடுத்துக்கொண்டுதான் தூக்கத்துக்குள் போயிருந்தான்.

"பாவி" என்றாள் பியேரா, முந்தானை மாதிரி சட்டையைத் தூக்கி மூக்கைத் துடைத்தபடி. "பாதி ஜெபத்தைச் சொல்ல வெச்சிட்டியேடி. உயிரோட இருக்கறவனுக்கு இப்ப நான் இதை எப்படித் திருப்பி வாங்கறது?"